புறக்கோட்டையில் ஒரு தேசாதிபதியின் இல்லம்

கொழும்பு மாநகரத்தின் புறக்கோட்டையில், மொத்த வியாபாரமும் சில்லறை வியாபாரமும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நடைபெறும் பிரின்ஸ் வீதியில், இருமருங்கும் எழுந்து நிற்கும் கடைக்கட்டிடங்களின் நடுவே, உயர்ந்த தூண்வரிசையும் அகன்ற விறாந்தையும் கனத்த சுவர்களும் உடையதாய், சுற்றுப்புறத்துக்குச் சிறிதும் சம்பந்தமற்றதுபோல் தோன்றும் இரண்டு தளத்து வீடு ஒன்று உண்டு. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின் சார்பில் இலங்கையின் கரையோரப் பிரதேசங்களை 1692 முதல் 1697 வரை ஆண்ட தோமஸ் வான் ரே என்னும் தேசாதிபதியின் வாசஸ்தலமாக, அவருடைய ஆட்சிக் காலத்திலேயே கட்டி முடிக்கப்பட்டது அது. இன்று ஒல்லாந்தர் கால நூதனசாலை என்று அது பெயர் பெற்றிருக்கிறது. பெயரளவில் ஒல்லாந்தருடையதான அவ்வீடு, உண்மையில் எவ்வளவு தூரம் ஒல்லாந்தருடையது என்ற வினா, அதன் வரலாற்றையும் அமைப்பையும் சேர்த்து நோக்குகிறவர் உள்ளத்தில் எழாமற் போகாது.

ஒல்லாந்தர் கொழும்புக்கு உடையவரான விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். போர்த்துக்கீசரைத் தீவிலிருந்து அகற்றும் பொருட்டுக் கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கன் 1638-இல் அவர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டான். ஏறத்தாழ ஏழு மாதம் நீடித்த முற்றுகையின் முடிவில், பசியாலும் நோயாலும் நலிந்துபோன கொழும்பு 1656-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் தேதி வீழ்ந்தது. நகரம் தன் கைக்கு வரும் என்று எதிர்பார்த்திருந்த அரசனுக்கு அது வரவில்லை. கறுவா விளையும் நாட்டின் துறைமுகத்தை ஒருமுறை பிடித்த பிறகு அதை விட்டுக்கொடுக்கும் எண்ணம் கொம்பனியாருக்கு எக்காலத்திலும் இருந்ததில்லை.

போர்த்துக்கீசர் விட்டுச்சென்ற நகரம், தாங்கள் வைத்திருக்கக்கூடிய சிறு சேனையைக் கொண்டு காக்க முடியாத அளவு விஸ்தாரமானது என்று கண்ட ஒல்லாந்தர், அதை இரண்டாக வகுத்தனர். கடலுக்குள் நீண்டிருக்கும் மேற்கு முனையில் உறுதியான கோட்டை ஒன்றை அமைத்து, ஆட்சிக் கந்தோர்களையும் பண்டகசாலைகளையும் படையையும் அதனுள் வைத்தனர். கிழக்கேயிருந்த பகுதியைப் பழைய நகரம் என்று அழைத்து, நேர்கோடாக ஓடி ஒன்றையொன்று வெட்டும் வீதிகளாகத் திருத்தி, உத்தியோகஸ்தரும் வியாபாரிகளும் குடியிருக்கும் இடமாக்கினர். அதுவே இன்றைய புறக்கோட்டை. மரநிழலும் தூண் விறாந்தைகளும் உடைய அமைதியான குடியிருப்பாக அது ஒரு காலத்தில் விளங்கிற்று என்று சொன்னால், இன்று அவ்வழியே மூட்டைகளுக்கும் கைவண்டிகளுக்கும் ஒதுங்கி ஒதுங்கி நடப்பவர் நம்புவது கடினம். ஆனால் பிரின்ஸ் வீதியில் இந்த ஒரு வீடு எஞ்சியிருப்பதால், அதை நம்பித்தான் ஆகவேண்டியிருக்கிறது.

வான் ரே வந்த காலம் கொம்பனியாருக்கு அனுகூலமானது. கண்டியில் இராஜசிங்கன் 1687-இல் மறைந்து, சமாதானத்தில் நாட்டமுடைய இரண்டாம் விமலதர்மசூரியன் அரியணையில் இருந்தான். படையெடுப்புக்கு அஞ்சிக் கோட்டை மதிலுக்குள்ளேயே ஒடுங்கியிருக்க வேண்டிய நிர்ப்பந்தம் குறைந்திருந்தது. மதிலுக்கு வெளியே, பழைய நகரத்தின் வீதியொன்றில், நிலையான பெரிய வீடு ஒன்றை எழுப்புவதற்கு மனம் துணிந்த காலம் அதுவாகவே இருந்திருக்க வேண்டும்.

இனி, வீட்டின் அமைப்பைச் சற்று ஆறுதலாகக் காணலாம். ஒல்லாந்து தேசத்து நகரங்களில், வாய்க்கால்களின் கரையில் நிலத்துக்கு விலை மிகுந்திருந்தமையால், வீடுகள் குறுகிய முகப்புடன் மேல்நோக்கி அடுக்கடுக்காக உயர்ந்தன. அங்கே படிக்கட்டுகள் செங்குத்தானவை. சாளரங்கள் பெரியவை, மங்கலான வெயிலில் ஒரு கதிரையும் இழக்கக்கூடாது என்பதனால். அடுப்பு வீட்டின் நடுவே இருக்கும், குளிர் காய்வதற்கும் அதுவே வேண்டும் என்பதனால். இத்தகைய வீட்டையே மனத்தில் கொண்டு கப்பலேறி வந்தவர்கள், கொழும்பின் வெயிலையும் மழையையும் சில ஆண்டுகள் அனுபவித்த பின்னர், ஏறக்குறைய ஒவ்வொரு விஷயத்திலும் தங்கள் முன்னோர் கட்டிய வழக்கத்தைத் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டியவர்களாயினர். வெயிலை உள்ளே அழைப்பதற்குப் பதிலாக வெளியே நிறுத்த வேண்டியிருந்தது. வெப்பத்தைச் சேர்த்து வைப்பதற்குப் பதிலாகக் கலைத்துவிட வேண்டியிருந்தது. அடுப்பை நடுவீட்டிலிருந்து எடுத்துப் பின்கட்டின் கோடிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

பிரின்ஸ் வீதி வீட்டின் முகப்பிலே நிற்கும் தூண்கள் அலங்காரத்துக்காக மட்டும் நிற்பவையல்ல. கூரையை வீதிப்பக்கம் நன்றாக முன்னுக்கு நீட்டி, சுவரின் மீது வெயிலும் சாரலும் நேரே படாதபடி தாங்குவது அவற்றின் தொழில். அந்த நீட்சியின் அடியில் அமைந்த விறாந்தை, வீதியும் அல்லாமல் வீடும் அல்லாமல் இரண்டுக்கும் பொதுவானதொரு இடமாகி, மாலை வேளையில் வீட்டுக்காரர் அமர்ந்து புகையிலைக் குழலோடு அயலாரைக் கண்டு பேசும் ஸ்தலமாயிற்று. நம்முடைய திண்ணையை அறிந்தவர்களுக்கு இதை விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒல்லாந்திலும் வீட்டு வாசலில் சிறு மேடை அமைக்கும் வழக்கம் உண்டென்பது மெய்யே. ஆயினும், அது இவ்வளவு அகலமாக விரிந்து, தூண் பெற்று, நிழல் பெற்று, ஒரு குடும்பத்தின் அந்திப்பொழுதுகள் முழுவதும் கழியும் கூடமாக மாறியது இந்தத் தட்பவெப்பத்தில்தான்.

இப்பகுதியில் ஒல்லாந்தர் கட்டிய சுவர்கள் பெரும்பாலும் கபுக் என்று இலங்கையில் வழங்கும் செம்பூரான் கல்லால் ஆனவை. நிலத்துக்குள் இருக்கும்போது கோடரியால் வெட்டி எடுக்கத்தக்க மென்மையுடையதாய், காற்றுப்பட்ட பின்னர் இறுகிக் கெட்டியாகும் இக்கல், மேற்குக் கரையோரத்தில் தாராளமாகக் கிடைப்பது. கடலிலிருந்து எடுத்த பவளப்பாறையையும் சிப்பியையும் சூளையிலிட்டு நீற்றிய சுண்ணாம்பே இவற்றைப் பிணைக்கும் சாந்தாகவும், மேலே பூசும் வெண்பூச்சாகவும் பயன்பட்டது. சுவரின் கனம் பகலின் சூட்டை உள்ளே விடுவதற்கு நெடுநேரம் எடுத்துக்கொள்கிறது. அறைகள் உயரமானவை; சூடான காற்று மேலே ஏறிக் கூரையின் பீலியோடுகளின் இடுக்குகள் வழியாகக் கசிந்துவிடுகிறது. வளைந்த அவ்வோடுகளை ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்தும் நிமிர்த்தியும் அடுக்கும் வித்தை ஒல்லாந்திலிருந்து கப்பலில் வந்ததல்ல. இந்நாட்டு ஓட்டுக்காரருக்கும் கொத்தருக்கும் அது பரம்பரைத் தொழில்.

இக்காலத்து ஒல்லாந்தர் வீடுகளின் தலைவாசற் கதவுக்கு மேலே, மரத்தில் நுணுக்கமாகக் கடைந்து துளையிட்ட ஒரு சித்திரப் பலகணி அமைப்பது வழக்கம். கதவைச் சாத்திய பிறகும் அதன் வழியே ஒளியும் காற்றும் வரும். சில வீடுகளில் வீட்டுக்குரியவரின் பெயரெழுத்துக்களையே அதில் பின்னலாகச் செதுக்குவித்தார்கள். வாசலில் நுழைந்தவுடன் பெரிய கூடம்; கூடத்துக்கு எதிர்முகமாகப் பின்வாசல்; பின்வாசலைத் தாண்டினால் முற்றம். இந்த மூன்றும் ஒரே நேர்கோட்டில் அமைவதனால், கடற்காற்று வீதியிலிருந்து முற்றம் வரையில் தடையின்றி ஓடுகிறது. முற்றத்திலே ஒரு கிணறு. முற்றத்தின் பக்கங்களில் பின்னோக்கி நீளும் கட்டுக்கள், அவற்றின் ஓரமாகத் தூண் தாங்கிய நடை. வீதியின் இரைச்சல் முழுவதும் முன்கட்டோடு நின்றுவிட, முற்றத்தில் செடிகளும் புல்லும் தம்பாட்டில் வளர்ந்துகொண்டிருக்கின்றன.

கொழும்பிலும் காலியிலும் மாத்தறையிலும் ஒல்லாந்தர் எழுப்பிய வீடுகள் பெரும்பாலும் ஒரே தளத்தவை. மேல்தளமும் மரப்படிக்கட்டும் பலகைத் தளவரிசையும் உடையதாக இவ்வீடு அமைந்தது அதன் உடையவரின் அந்தஸ்தைக் காட்டுகிறது. ஆயினும் என் மனத்தை ஈர்ப்பது அந்த அந்தஸ்து அன்று. முற்றமும் நிழலும் காற்றும் சேர்ந்து அமைந்த பொருத்தமே. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டிலும், தஞ்சைத் தரணியின் முற்றம் வைத்த வீட்டிலும் காணும் அதே பொருத்தம் அது. ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் காட்ட முயல வேண்டியதில்லை. ஒரே வெயிலுக்கும் ஒரே மழைக்கும் விடை தேடியவர்கள் ஒரே விடைக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த விடையைப் பல நூற்றாண்டுகளாக அறிந்திருந்த கைகளே இங்கும் கல்லை அடுக்கின.

அந்தக் கைகளைப் பற்றித்தான் சற்று நிதானித்துப் பேச விரும்புகிறேன். வான் ரே ஆட்சி செய்த 1692 முதல் 1697 வரையிலான அதே ஆண்டுகளில், சோழமண்டலக் கரையில் போரும் அதன் விளைவான பஞ்சமும் ஊர் ஊராகக் குடிகளைச் சிதறடித்தன. உண்ண வழியற்றவர்கள் தங்களையும் தங்கள் பிள்ளைகளையும் விற்கும் நிலைக்கு வந்தபோது, வாங்குவதற்கு ஆள் இருந்தது. 1694 முதல் 1696 வரையிலான காலத்தில் மட்டும், தனியார் சிலரால் சோழமண்டலத்திலிருந்து இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட அடிமைகளின் தொகை 3,859. இந்த எண் கொம்பனியாரின் சொந்தப் பதிவேடுகளிலிருந்தே ஆராய்ச்சியாளருக்குக் கிடைத்தது. அதற்கு முன்னரும், 1659 முதல் 1661 வரை தஞ்சை நாட்டைப் பஞ்சம் பீடித்த காலத்தில், ஆயிரக்கணக்கானோர் நாகப்பட்டினத்தில் கப்பலேற்றப்பட்டு யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் அப்பால் பத்தாவியாவுக்கும் சென்றனர். நாகப்பட்டினம் போர்த்துக்கீசரிடமிருந்து ஒல்லாந்தர் வசமானது 1658-இல்தான் என்பதையும் இங்கே நினைவிற் கொள்ள வேண்டும்.

கொழும்பிலே அடிமைகள் வீட்டு வேலை செய்தனர், தோட்டம் பேணினர், சுமை சுமந்தனர், கட்டிடங்களிலும் உழைத்தனர். கொம்பனியின் அடிமைகளைப் பகல் வேலை முடிந்ததும் ஏரிக்கு அப்பாலிருந்த நிலத்தில் இரவில் அடைத்து வைத்தார்கள். ஆங்கிலத்தில் அடிமைத் தீவு என்று நெடுங்காலம் வழங்கிய அவ்விடத்தைத் தமிழர் கொம்பனித்தெரு என்கிறார்கள். அந்த 3,859 பேரில் எவரேனும் பிரின்ஸ் வீதி வீட்டுக்குக் கல் சுமந்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த முற்றத்துக் கிணற்றில் நீர் இறைத்தவரும், பின்கட்டில் அடுப்பு மூட்டியவரும், படுக்கை விரித்தவரும் எத்தகையோராக இருந்திருப்பர் என்பதை அக்காலத்துக் கொழும்பை அறிந்தவர் எவரும் ஊகிக்கலாம். வீடு எழுந்த ஆண்டுகளும் அந்த மனிதர் விலைபோன ஆண்டுகளும் ஒன்றே என்பதை மறைத்துவிட்டு அதன் எழிலை மட்டும் வியப்பது நியாயமாகாது. எழிலை மறுப்பதும் நியாயமாகாது. ஏனெனில் அந்த எழிலில் பெரும்பங்கு அவர்களைப் போன்றோரின் உழைப்பே.

தளவாடங்களின் கதையும் இதனோடு சேர்ந்தது. ஒல்லாந்தர் வீடுகளை அலங்கரித்த நாற்காலிகளும் பேழைகளும் மேசைகளும் கருங்காலி, முதிரை, பலா முதலிய மரங்களால் ஆனவை. வடிவம் ஐரோப்பியம், வேலைப்பாடு இந்நாட்டுத் தச்சருடையது. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சோழமண்டலக் கரையில் கருங்காலியில் கடைந்து, பூவும் கொடியும் அடர்ந்து செதுக்கிய தாழ்ந்த நாற்காலிகள் பின்னாளில் இங்கிலாந்து வரை சென்றன. அங்கே பதினெட்டாம் நூற்றாண்டில் ஹொரேஸ் வால்போல் என்னும் கலாரசிகர் அவற்றைத் தம் நாட்டின் டியூடர் மன்னர் காலத்துப் பழம்பொருள்கள் என்று எண்ணித் தம் மாளிகைக்கு வாங்கி வைத்தார். அவரைப் பின்பற்றி அறிஞர் பலரும் நெடுங்காலம் அவ்வாறே நம்பினர். சோழமண்டலத் தச்சரின் உளி, கடலுக்கு அப்பால் வேறொரு தேசத்தின் புராதனப் பெருமையாகவே கொண்டாடப்பட்டுவிட்டது.

தேசாதிபதி பதவி விட்டு நீங்கிய பின்னர் வீட்டுக்கு வந்த வாழ்வு, தமிழர் அறிந்திருக்க வேண்டியது. யாழ்ப்பாணத்து நல்லூரில் 1690-இல் தொடங்கப்பட்ட குருமடத்தைத் தொடர்ந்து, கொழும்பில் 1696-இல் ஒன்று ஸ்தாபிக்கப்பட்டது. ஆசிரியர்களையும் போதகர்களையும் பயிற்றிய அந்தக் கல்விக்கூடம், ஒல்லாந்தர் ஆட்சி முடிந்த 1796 வரையில் இவ்வீட்டில் நடைபெற்றதாக இல்லத்தின் வரலாற்றைக் கூறுவோர் சொல்கின்றனர். சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் ஒல்லாந்த மொழியும் சமய சாஸ்திரமும் பயின்ற அக்கூடத்திலிருந்து வந்தவருள் தலைசிறந்தவர் பிலிப் த மெல்லோ. 1723-இல் பிறந்த இத்தமிழர் தமிழிலக்கியத்திலும் மேனாட்டு மொழிகளிலும் புலமை பெற்று, ஒல்லாந்தத் திருச்சபையில் முழு அதிகாரமுடைய குருவாக அபிஷேகம் பெற்ற முதல் சுதேசியாகி, பின்னர் யாழ்ப்பாணத்தில் போதகராகப் பணியாற்றினார். கிரேக்க மூலத்தை நோக்கி அவர் செய்த புதிய ஏற்பாட்டின் தமிழாக்கம் 1759-இல் கொழும்பில் அச்சேறிற்று. சைமன் காசிச்செட்டி தமிழ்ப் புலவர் சரிதங்களைத் தொகுத்தபோது அவருக்கும் இடம் தந்திருக்கிறார். ஆளும் இனத்தார் தமக்கு வேண்டிய ஏவலாளரை உருவாக்கவே பள்ளி வைத்தனர் என்பதில் ஐயமில்லை; ஆயினும் பயின்றவர் எல்லாரும் அந்த எல்லைக்குள் நின்றுவிடவில்லை.

1796 பெப்ரவரியில் தேசாதிபதி வான் ஆங்கல்பேக் கொழும்பை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தார். அதன் பிறகு இவ்வீடு கண்ட மாற்றங்கள் பல. கௌண்ட் ஓகஸ்ட் கார்ல் வான் ரான்சோவ் என்னும் பிரபு சிறிது காலம் இதில் குடியிருந்தார். பின்னர் இது படைவீரர்க்கான வைத்தியசாலையாயிற்று, போர்வீரர் தங்குமிடமாயிற்று, பொலிஸாருக்குப் பயிற்சி அளிக்கும் இடமாயிற்று, 1932-இல் புறக்கோட்டைத் தபாற் கந்தோராயிற்று.

இதற்கிடையில் வீட்டைச் சுற்றியிருந்த உலகமே மாறிவிட்டது. 1875-இல் தொடங்கி 1885-இல் முடிந்த அலைதாங்கிச் சுவரினால் கொழும்புத் துறைமுகம் எக்காலத்திலும் கப்பல் தங்கத்தக்கதாயிற்று. அதனோடு புறக்கோட்டையின் ஒவ்வொரு அடி நிலமும் வியாபார நிலமாயிற்று. ஒல்லாந்தர் வழிவந்த பறங்கிக் குடும்பங்கள் தெற்கே பம்பலப்பிட்டி முதலிய இடங்களுக்குப் பெயர்ந்தன. விறாந்தைகள் கடைமுகப்புகளாயின, முற்றங்கள் சரக்கறைகளாயின, செட்டியார் தெருவில் நகைக்கடைகளும் கதிரேசன் கோயில்களும் எழுந்தன. பிரின்ஸ் வீதி வீடு மட்டும் தப்பியது யாரும் அதைப் போற்றியதனால் அன்று. வருவோர்க்கெல்லாம் அது ஏதோ ஒரு காரியத்துக்கு உதவிற்று, அதனால் அரசாங்கத்தின் கையை விட்டு நீங்கவில்லை. பழங்கட்டிடங்களைக் காப்பது பக்தியைக் காட்டிலும் உபயோகமே என்று எனக்குத் தோன்றுவதற்கு இவ்வீடு முக்கியமான காரணம்.

உபயோகம் தீர்ந்த அன்றே ஆபத்தும் வந்தது. 1970-களின் தொடக்கத்தில் பெருமழையில் முற்றத்தை நோக்கிய சுவர் ஒன்று இடிந்து விழுந்தது. தபாற் கந்தோர் வேறிடத்துக்கு மாறிற்று. வெறுமையாய் நின்ற வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்ற யோசனை எழுந்தது. அந்நிலையில் நெதர்லாந்தில் கல்வி பயின்று திரும்பிய இலங்கையரின் சங்கத்தார் அரசாங்கத்தாரிடம் இடைவிடாது முறையிட்டனர். அவர்களுடைய பிரயாசையின் பலனாக 1977-இல் ஒரு குழு அமைந்து, நெதர்லாந்து அரசின் உதவியோடு ஜீரணோத்தாரண வேலை தொடங்கி, 1981-இல் நிறைவேறி, 1982-இல் வீடு நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. நாணயங்கள், பீங்கான்கள், படைக்கலங்கள், தேசப்படங்கள், எழுத்துப் பொறித்த கல்லறைக் கற்கள், தளவாடங்கள் எல்லாம் அங்கே இடம்பெற்றன.

யாழ்ப்பாணத்தை அறிந்தவர்க்கு இந்த இடத்தில் நெஞ்சம் கனக்காமல் இராது. 1680 அளவில் ஐங்கோணமாக எழுந்த யாழ்ப்பாணக் கோட்டைக்குள் 1706-இல் கட்டிய ஒல்லாந்தர் தேவாலயமும், அதனருகே நின்ற இராசமாளிகை என்னும் இல்லமும், உள்நாட்டுப் போர் நடந்த ஆண்டுகளில் சிதைந்து தரைமட்டமாயின. கோட்டை மதில்களைப் பின்னர் ஒல்லாந்து அரசின் உதவியோடே ஒருவாறு செப்பனிட முடிந்தது. தேவாலயத்தை மீட்க முடியவில்லை. கொழும்பில் ஒரு சுவர் விழுந்ததற்குப் பரிந்து பேச ஒரு சங்கம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் குண்டு விழுந்த காலத்தில், தம் உயிருக்கும் பிள்ளைகளின் உயிருக்கும் பரிந்து பேசவே மக்களுக்குப் பொழுது இல்லாதிருந்தது.

காப்பாற்றிய வீட்டில் எதைக் காட்டுவது என்பது இனி உள்ள வினா. தேசாதிபதியின் நாற்காலியும் பீங்கானும் இருக்கட்டும். அவை கண்ணுக்கு இனியவை, பழமையும் உடையவை. அவற்றோடு அவ்வீட்டின் எல்லா வயதுகளும் இடம்பெறுவதை நான் விரும்புகிறேன்: சமய சாஸ்திரம் பயின்ற தமிழ்ப் பிள்ளைகள், காய்ச்சலில் படுத்திருந்த போர்வீரர், தபால் பிரித்த குமாஸ்தாக்கள், எல்லாவற்றுக்கும் முன்னால், நாகப்பட்டினத்துக் கரையிலிருந்து அனுப்பப்பட்ட அந்த மனிதர்கள். அதற்கு வேண்டிய ஆதாரங்களைத் தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. வான் ரே 1697-இல் தமக்குப் பின் வந்தவருக்காக எழுதிவைத்த ஆட்சிக் குறிப்பைச் சோபியா அந்தோனிஸ் அம்மையார் ஆங்கிலத்தில் பெயர்த்து 1915-இல் கொழும்பில் வெளியிட்டிருக்கிறார். ஊர்தோறும் நிலத்தையும் குடிகளையும் பதிந்த தோம்புகள் முதலாக, ஒல்லாந்தர் விட்டுச்சென்ற ஏறத்தாழ ஏழாயிரம் தொகுதி ஏடுகள் அதே நகரத்தில், கறுவாத்தோட்டத்துச் சுவடிக்கூடத்தில் இருக்கின்றன.